இரைச்சலும் இசையும்

ஆரணியின் நெசவுத் தெருவில் முதன்முறை நடப்பவர் தறியோசையை வெறும் இரைச்சலென்றே எண்ணுவர். நெய்பவர்க்கோ அவ்வோசை வழிகாட்டி. அது சிறிது பிசகினும் அவர் கை தானே நின்றுவிடும். இரைச்சலென்பது பெரும்பாலும் கேட்போர் பழக்கத்தைப் பொறுத்தது என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

இளைஞர் சிலர் விரும்பும் ‘ஹார்ட்கோர் பங்க்’ என்னும் மேனாட்டிசையைப் பெரியோர் பலர் ‘பாட்டன்று, கூக்குரல்’ என்று இகழ்வர். அதன் முன்னோடிகளுள் ஒன்றாகிய ‘பேட் பிரெயின்ஸ்’ குழு 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் தோன்றியது. அதனைச் சேர்ந்த கறுப்பின இளைஞர் நால்வரும் முன்னர் ஜாஸ் கலந்த இசையில் பழகியவர். 1980-இல் அவர்கள் வெளியிட்ட முதல் இசைத்தட்டின் தலைப்புப் பாட்டு ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே, விரைவும் வன்மையும் அறியாமையால் வந்தனவல்ல, வேண்டியே கொண்டவை.

நம் நாட்டிலும் இதற்கு உறவுடைய முழக்கம் எழுந்ததுண்டு. 2017-இல் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவை அமைத்தனர். சாதியற்றோர் என்னும் அப்பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தைத் தழுவியது. 2018 சனவரியில் அக்குழு மேடையேறியபோது கானாவும் பறையும் கிதாரும் ஒருங்கே முழங்கின. இட ஒதுக்கீடும் சாதிக் கொடுமையும் பாடுபொருளாயின.

அம்மேடையில் ஒலித்த பறை நமக்குப் புதிதோ? தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் யாழோடு பறையையும் வைத்தார். பின்வந்தோர் அதனைச் சாவுக்குரியதென ஒதுக்கி, அடிக்கும் தொழிலை ஒரு சாதியார்மீது சுமத்தினர். ஒதுக்கப்பட்டது ஓசையன்று; அதனை எழுப்பிய மனிதரே. கிறிஸ்தவ வழிபாட்டினுள் நாட்டுப்புற இசையைத் துணிந்து கொணர்ந்த மதுரை இறையியலாளர் தியோபிலஸ் அப்பாவு (மறைவு 2005) இவ்வுண்மையை நன்குணர்ந்தவர்.

‘சினம் கலையாகுமோ?’ எனச் சிலர் வினவலாம். உரக்கக் கத்துவதெல்லாம் கலையன்றென்பதை யாமும் ஒப்புகிறோம். ஆயினும், பறையைத் தீயிற் காய்ச்சித் தோலை இறுக்கி, நீளமும் பருமனும் வேறான இருகுச்சிகளால் அடவு தவறாது அடிப்பவர் கையைப் பாருங்கள். அங்குள்ளது வெறியன்று, பயிற்சி. மெல்லப் பேசியபோது கேளாத செவிக்கு உரக்கப் பேசுதலன்றி வேறு வழியாது?

மாணவ நண்பர்களே, நம் கல்லூரி விழா மேடையில் வீணைக்குத் தரும் இடத்தைப் பறைக்கும் தருவோமாக. அதன் ஒலி நமக்குக் கடுமையாகத் தோன்றின், செவியைப் பொத்துமுன் அது யாது கூறுகின்றதெனக் கேட்போமாக.