'சீட் இல்ல'ன்னு வாயால சொன்னா போதுமா?

தோழர்களே, எல்.கே.ஜி. சீட்டுக்காக அலையுற ஒரு குடும்பமாவது உங்க தெருவுல இருக்கும். இந்தப் பதிவை அவங்ககிட்ட கொண்டு போய்ச் சேருங்க.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கு. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள்ல நுழைவு வகுப்புல குறைந்தது 25 சதவீத இடம் ஏழை, விளிம்புநிலைப் பிள்ளைகளுக்கு. நம்ம மாநிலத்துல ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ இருந்தா விண்ணப்பிக்கலாம். இது பலருக்கும் தெரியும். மறுத்துட்டா அடுத்து எங்க போறதுங்கிறதுதான் தெரியல.

எங்க ஏரியாவுல ஆட்டோ ஓட்டுற அண்ணன் ஒருத்தர்கிட்ட, "உங்க சர்டிபிகேட் செல்லாது"ன்னு பள்ளி ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. எந்த சர்டிபிகேட், என்ன குறைன்னு சொல்லல. "எழுத்துல கேட்டீங்களாண்ணா?"ன்னேன். "பெரிய இடம் தம்பி, கோவிச்சுக்குவாங்க"ன்னார். சட்டம் கொடுத்த இடத்தை தானம் கேட்கிற மாதிரி நிக்க வெச்சிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குக் கோபம். மறுநாள் அக்கா போய், "காரணத்தை எழுதி சீல் வெச்சுக் கொடுங்க"ன்னு நின்னாங்க. முந்தின நாள் செல்லாத வருமானச் சான்று அன்னைக்கு செல்லுபடியாயிடுச்சு!

எல்லா இடத்துலயும் இவ்வளவு சுலபமா முடியாது. அதுக்குத்தான் சட்டத்தோட 32-வது பிரிவு. உள்ளாட்சி அமைப்புகிட்ட எழுத்துல புகார் கொடுக்கலாம். இரண்டு தரப்பையும் விசாரிச்சு 3 மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும். அது திருப்தி இல்லைன்னா மாநில குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துல மேல்முறையீடு செய்யலாம். கூடவே முதன்மைக் கல்வி அலுவலருக்கும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் ஒரு மனு போடுங்க. ரசீது வாங்காம திரும்பாதீங்க. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ டெஸ்ட், இன்டர்வியூ வெச்சிருந்தா அதையும் மனுவுல எழுதுங்க. 13-வது பிரிவுப்படி அது தப்பு, முதல் தடவைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம்.

ஒண்ணு நேர்மையா சொல்லிடுறேன். விண்ணப்பம் அதிகமாகி, குலுக்கல் முறையா நடந்து, அதுல பேர் வரலைன்னா மேல்முறையீட்டுல பெருசா எதுவும் நடக்காது. அந்த அலைச்சலை மிச்சம் பண்ணி பக்கத்து அரசுப் பள்ளியில சேர்த்துடுங்க. காரணமே சொல்லாம, இல்லாத காரணம் சொல்லி விரட்டின கேஸ்லதான் விடக்கூடாது.

அந்த 3 மாசம்தான் எனக்கு உறுத்துது. ஜூன்ல மனு கொடுத்தா செப்டம்பர்ல பதில், அதுக்குள்ள காலாண்டுத் தேர்வு வந்துடும். அதுவரை மூணரை வயசுப் பிள்ளையை எங்க உட்கார வைக்கிறது? பணத்தைக் கட்டி வேற பள்ளியில சேர்த்துட்டு, மனுவையே மறந்துடுறாங்க. சேர்க்கை சீசன்ல வர்ற புகாருக்கு 15 நாள் கெடு வைக்கணும், விசாரணை முடியுற வரைக்கும் அந்த இடத்தை வேற யாருக்கும் கொடுக்கக் கூடாது. மக்கள் பிரதிநிதிகள் யாரா இருந்தாலும், நம்ம கட்சிக்காரங்க உட்பட, இதைக் கேட்டு வாங்கணும்.

உங்க வார்டுல இப்படி மறுக்கப்பட்ட குழந்தை இருந்தா கமெண்ட்ல மாவட்டம் மட்டும் போடுங்க. குழந்தை பேர், போட்டோ வேண்டவே வேண்டாம், மத்த விவரத்தை இன்பாக்ஸ்ல அனுப்புங்க. மனு எழுதித் தர ஆள் இருக்கோம்.

#கல்விஉரிமை