பாதியில் போட்ட ரேங்க்!



அமெரிக்காவின் என்.பி.ஏ., கூடைப்பந்து தொடரில், ஒவ்வொரு அணிக்கும், 82 ஆட்டங்கள். பாதி கூட முடியாதபோதே, 'எது உசத்தி, எது மட்டம்' என, பட்டியல் போட்டு விடுவர்.

2022 ஜனவரி துவக்கத்தில், பாஸ்டன் செல்டிக்ஸ் அணி, 39 ஆட்டங்களில், 18ல் தான் வென்றிருந்தது, 21 தோல்வி. 'ஜேசன் டேட்டமும், ஜெய்லன் பிரவுனும் ஒத்துப்போகவில்லை. பிரித்து விடுங்கள்' என, பேச்சு கிளம்பியது. அணியின் தடுப்பாட்டம் மெருகேறி வந்ததை, பட்டியல் காட்டவில்லை.

அரையாண்டு ரேங்கைப் பார்த்தே, 'இவன் தேற மாட்டான்' என, சொன்ன ஆசிரியர்களில், நானும் ஒருவன். இப்போது நினைத்தால், வெட்கமாக இருக்கிறது, பிள்ளைகளே!

மீதி, 43 ஆட்டங்களில், 33ல் வென்றது செல்டிக்ஸ். இறுதிச்சுற்று வரை வந்து, கோல்டன் ஸ்டேட் அணியிடம் தோற்றது. பிரிக்காமல் விட்ட அந்த இருவரும் சேர்ந்து தான், 2024ல் கோப்பையைத் தூக்கினர்.