ஸ்பீக்கரை மாட்டிக் கொடுப்பதும் வியாபாரமே

திருவாலங்காடு சுற்றுவட்டாரத்தில் ஹோம் தியேட்டர் வாங்கிய பல வீடுகளில் ஐந்து ஸ்பீக்கரும் டி.வி. மேஜையிலேயே வரிசையாக நிற்பதை நாம் பார்க்கிறோம். ‘சத்தம் சுற்றி வரவில்லை’ என்ற பழி கடைக்காரர் தலையில் விழுகிறது. சரக்கில் குறையில்லை. 1995இல் டால்பி ஒலியுடன் ‘குருதிப்புனல்’ வந்த காலம் முதல் தியேட்டரின் பக்கச்சுவரில் ஸ்பீக்கர்களைப் பார்த்தவர்கள்தாமே நாம்?

5.1 செட்டில் நடு ஸ்பீக்கர் டி.வி.க்குக் கீழே, இரண்டு அதன் இருபுறமும். மற்ற இரண்டும் சோபாவுக்கு இடமும் வலமும், சற்றுப் பின்தள்ளி, உட்கார்ந்தவர் காதுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். பீரோ மேல் ஏற்றினாலும் சோபாவுக்குப் பின்னால் ஒளித்தாலும் பயனில்லை. ஒரு பக்கம் சுவரில்லாத கூடமா? ஸ்டாண்டு போடச் சொல்லலாம். பெட்டியில் வரும் ஒயர் பெரும்பாலும் எட்டாது. கூடத்தின் அளவைக் கேட்டு, கூடுதல் ஒயரை பில்லிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஆன்லைன் விலையோடு நம்மால் மல்லுக்கட்ட முடியவில்லை, உண்மைதான். ஆனால் பார்சல் கொண்டுவருபவர் ஏணி போட்டு ஆணி அடிப்பாரா? திருவள்ளூர், அரக்கோணம் கடைக்காரர்கள் ஆள் அனுப்பலாம். கூலியைத் தனியாகக் கேட்டு வாங்குவதிலும் தவறில்லை. இலவசம் என்று சொல்லி நான்கு நாள் இழுத்தடிப்பதுதான் கூடாது.