'தயார்' என்று சொன்னால் போதுமா?



ஆங்கிலத் தேர்வு நெருங்கினால் உங்களில் பலர் என்ன செய்கிறீர்கள்? இரண்டு சொல் சேர்ந்து வரும் வினைகளை வரிசையாக எழுதிக்கொண்டு, 'கியர் அப் என்றால் தயாராதல், கியர் அப் என்றால் தயாராதல்' என்று உருப்போடுகிறீர்கள். அதனால் ஒன்றிரண்டு மதிப்பெண் கிடைக்கும், மொழி வராது. முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் இது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

'கியர்' என்றதும் உங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். ஆனால், பல்சக்கரத்துக்கு அந்தப் பெயர் பின்னால் வந்தது. பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல், முதலில் உடையையும் கருவிகளையுமே குறித்தது. இன்றும் பேட்ஸ்மேன் அணியும் பேடு, கையுறை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 'கிரிக்கெட் கியர்'தான். ஆகவே 'கியர் அப்' என்பது வெறும் 'தயார்' அல்ல. வரப்போகும் பெரிய வேலைக்கு வேண்டியதையெல்லாம் சேர்த்து, முறையாக ஆயத்தமாவது.

அதனால்தான் மதியச் சாப்பாட்டுக்கு யாரும் 'கியர் அப்' செய்வதில்லை. அதற்குக் 'கெட் ரெடி' போதும். விளையாட்டு விழா என்றால் 'வீ ஆர் கியரிங் அப் ஃபார் த ஸ்போர்ட்ஸ் டே' என்று சொல்லலாம். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் 'ஃபார்', வினைச்சொல் வந்தால் 'டு'. எல்லா ஏற்பாடும் முடிந்துவிட்டதா? 'வீ ஆர் ஆல் கியர்டு அப்!' முன்பு படித்து மறந்ததைப் புதுப்பிப்பது மட்டும் 'பிரஷ் அப்'. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. நம் விஞ்ஞானிகள் சோர்ந்து உட்காரவில்லை. அடுத்த லேண்டரின் கால்களை வலுவாக்கினார்கள். கூடுதல் எரிபொருள் வைத்தார்கள். அரை கிலோமீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை, 4 கிலோமீட்டர் நீளம், 2.4 கிலோமீட்டர் அகலம் என்று விரிவாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. 'கியர் அப்' என்றால் இதுதான்! இனி இந்தச் சொல் உங்களுக்கு மறக்குமா?

'ஐயா, ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படிக் கதை பார்த்தால் பாடம் எப்போது முடியும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாளைக்கு ஒரு சொல் போதும். உங்கள் வீட்டில், தெருவில், பள்ளியில் உண்மையாக நடப்பதை வைத்து இரண்டு வாக்கியம் எழுதுங்கள். வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இல்லையே என்று ஏங்க வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும். தப்பு வந்தால் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பட்டியலை உருப்போட்டவன் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவான். தானே வாக்கியம் எழுதியவனுக்கு அந்தச் சொல் சொந்தமாகிவிடும்.

தேர்வுக்கு முதல் நாள் இரவு புத்தகத்தைத் திறப்பது 'கியர் அப்' ஆகாது. இன்றே ஒரு வாக்கியம் எழுதுவீர்கள்தானே?