நட்டவருக்கே மரம்: வேளாண்காடு குறித்து எங்கள் நிலைப்பாடு

இலவசக் கன்று கொடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. கன்று பிழைக்கும் வரை ஆகும் செலவில் உருப்படியான பங்கு வேண்டும். வளர்ந்த மரத்தை வெட்டி விற்கும் உரிமையை நட்ட அன்றே எழுத்தில் தரவேண்டும். கடலூர் மாவட்டம் மங்கலம்பேட்டைச் சுற்றுவட்டார உழவர்களாகிய எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்.

இந்தச் செம்மண்ணுக்கு மரம் புதிதல்ல. முந்திரியும் பலாவும் பாட்டன் காலத்துச் சொத்து. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கடலூர் மாவட்டத்துத் தோப்புகள் வேரோடு சாய்ந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். சவுக்கு மூன்று நான்கு ஆண்டில் வெட்டுக்கு வரும் என்பதால் உழவர் அதை நாடுவதில் தவறில்லை. ஆனால் நிலம் முழுக்கத் தைலமரம் வைத்துவிட்டு அதை வேளாண்காடு என்று கணக்குக் காட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. மல்லாட்டையும் (நிலக்கடலை) உளுந்தும் விளைய, வரப்பிலும் ஊடேயும் மரம் நிற்க வேண்டும்.

2014இல் தேசிய வேளாண்காடுகள் கொள்கையை வெளியிட்டு உலகுக்கே முன்னோடியானது இந்தியா. தமிழக அரசு 2021-22இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று இலவசம். உயிரோடு நிற்கும் கன்றுக்கு இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை ஆண்டுக்கு 7 ரூபாய். பிழைத்த கன்றுக்குத்தான் பணம் என்ற யோசனையை மனதார வரவேற்கிறோம். தொகைதான் போதாது. வரப்பில் 50 கன்று வைத்தவருக்கு ஆண்டுக்கு 350 ரூபாய். சித்திரை வெயிலில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றவும், ஆடு கடிக்காமல் முள் வெட்டி அடைக்கவும் ஆள் விட்டால் ஒரு நாள் கூலிக்கே அது காணாது. கன்று பெரும்பாலும் கருகுவது முதல் கோடையில். அந்த ஆண்டுக்கு ஊக்கத்தொகையே கிடையாது! முதல் ஆண்டிலேயே தொகை தொடங்க வேண்டும். சிறு, குறு உழவரின் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மர நிழல் விழும் சாலில் மல்லாட்டைக் காய் குறையும் என்ற உழவரின் பயமும் நியாயமானது. மல்லாட்டையிலும் முந்திரியிலும் நல்ல ரகங்கள் தந்த விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம், எந்த மரத்தடியில் எந்த ரகம் தாங்கும் என்பதை எங்கள் வயலிலேயே சோதித்துச் சொல்லட்டும்.

எல்லாவற்றையும்விட உரிமைதான் பெரிது. ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் வயல் மரங்கள் ஒரு காலத்தில் அரசுச் சொத்து. அவற்றைக் காப்பதில் உழவருக்கு ஆர்வமில்லை. மரம் தமக்கே என்ற நம்பிக்கை வந்தபின், 1980களிலிருந்து அவர்கள் தானாக முளைத்த துளிர்களைப் பேணியே சுமார் 50 லட்சம் ஹெக்டேரைப் பசுமையாக்கினர். இங்கேயோ சொந்த நிலத்துச் சந்தனத்தை வெட்டவும் வனத்துறையின் வாசலில் நிற்க வேண்டும். மரங்களைப் பதியவும் வெட்டவும் கொண்டுசெல்லவும் நடைமுறையை எளிதாக்க ஒரு கொள்கை வரும் என்று 2025 மார்ச் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை சொன்னது. நாங்கள் கேட்பது இது: நட்ட ஆண்டிலேயே கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் மரத்தைப் பதியட்டும்; அந்தப் பதிவே வெட்டவும் வண்டியேற்றவும் அனுமதியாகட்டும். சந்தனம், செம்மரம் இரண்டுக்கு மட்டும் தனி ஆய்வு இருக்கலாம். அதையும் 30 நாளில் முடிக்க வேண்டும்.

குத்தகைக்கு உழுபவருக்கு இன்றைய திட்டங்களில் பிடிப்பில்லை. இன்னொருவர் வரப்பில் பத்து வருட மரத்தை அவர் எதை நம்பி வைப்பார்? நில உரிமையாளரும் குத்தகைதாரரும் கையெழுத்திடும் மரப் பங்கு ஒப்பந்தத்துக்கு அரசே படிவம் வெளியிட்டு, நிலம் கைமாறினாலும் அது செல்லும் என்று ஆணையிட வேண்டும்.