"யாருக்கு ஓட்டு போட்டே?" டூட்டி போடுகிறவர் கேட்கலாமா?

"தயவு செய்து இங்கே அரசியல் பேசாதீர்கள்!"

பழைய சலூன்களிலும் டீக்கடைகளிலும் இந்த போர்டு தொங்கும். கத்தி கழுத்தில் இருக்கும்போது கட்சிச் சண்டை எதற்கு என்று கடைக்காரர் நினைத்தார். நியாயம்தான்.

ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் இந்த போர்டு செல்லாது. சலூன் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். பஸ் டிப்போவில்? இன்று முறைத்துக்கொண்ட டிரைவரும் கண்டக்டரும் நாளைக்கும் ஒரே வண்டியில்தான் ஏற வேண்டும்.

டிப்போ வாசலைப் பாருங்கள். வரிசையாகக் கொடிக்கம்பங்கள். தி.மு.க.வுக்கு தொ.மு.ச. கம்யூனிஸ்டுகளுக்கு சி.ஐ.டி.யூ., ஏ.ஐ.டி.யூ.சி. காங்கிரசுக்கு ஐ.என்.டி.யூ.சி. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டபிறகு அண்ணா தொழிற்சங்கக் கம்பமும் சேர்ந்தது.

இவர்களைப் பார்த்து "வாயைத் திறக்காதே" என்றால் நடக்குமா? சம்பளம், டி.ஏ., பென்ஷன் எல்லாமே அரசியல்தானே!

அவன் எந்தக் கட்சி?

2024 ஜனவரி 9-ந்தேதி பஸ் ஸ்டிரைக் தொடங்கியது. சி.ஐ.டி.யூ.வும் அண்ணா தொழிற்சங்கமும் ஒரே பக்கம் நின்றன. தொ.மு.ச.காரர்கள் வண்டி எடுத்தார்கள். ஐகோர்ட்டில் பேச்சு வந்து மறுநாளே ஸ்டிரைக் தள்ளிவைக்கப்பட்டது.

அப்புறம்? வண்டி எடுத்தவரும் எடுக்காதவரும் ஜோடியாக டூட்டி! இவருக்கு அவர் கருங்காலி. அவருக்கு இவர் வீம்புக்காரர்.

கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கணும். ரெண்டு அடித்தால் கிளம்பணும். மனதில் கறுவிக்கொண்டு ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்தினால், புத்தக மூட்டையோடு ஓடிவந்து படியில் தொங்குவது பள்ளிக்கூடத்துப் பையன். அவன் எந்தக் கட்சி?

போலீஸ் ஸ்டேஷன் படியைத் தினமும் மிதிக்கிறவன் நான். கட்சித் தகராறு என்று வரும் கேசுகளில் கொள்கையைத் தேடினாலும் கிடைக்காது. "உன் தலைவன் யோக்கியதை தெரியாதா?" என்று ஆரம்பிக்கும். அடுத்தது அவர் வீட்டுப் பெண்கள். அதற்கடுத்து சாதி. பிறகு டீ கிளாஸ் பறக்கும்! முன்பு 294 (பி), 323 என்று எழுதினார்கள். 2024 ஜூலை 1-ந்தேதி முதல் 296 (பி), 115 (2). நம்பர்தான் மாறியது. கெட்ட வார்த்தை அதேதான்.

தலைவர்களோ கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் சிரித்துக்கொண்டு உட்காருகிறார்கள். சஸ்பெண்டு ஆர்டர் வாங்குவது தொண்டன்.

பேசட்டும். டீக்கடையில் பேசட்டும், கேட் மீட்டிங்கில் பேசட்டும். ஓடும் வண்டியில் வேண்டாம். டூட்டி நேரம் சொல்லும் வாட்ஸ்அப் குரூப்பில் கட்சி வீடியோவும் வேண்டாம்.

பேனா பிடித்தவர்

ஒரே ஒருத்தர் மட்டும் வாயே திறக்கக் கூடாது. டூட்டி போடுகிறவர்தான் அவர்!

லீவும் நல்ல ரூட்டும் அவர் பேனாவில் இருக்கிறது. "என்னப்பா, இந்தத் தடவை யாருக்கு?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டாலும் அது அரட்டை ஆகாது. உண்மையைச் சொன்னால் நாளைக்கு எந்த ரூட்டு கிடைக்குமோ! சும்மா இருந்தாலும் "அந்தக் கட்சி ஆளு" என்று முத்திரை. கட்டட வேலையில் மேஸ்திரி, ஜவுளிக்கடையில் முதலாளி, எல்லா இடத்திலும் இதே கதைதான்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 94-வது பிரிவு. தேர்தலில் யாருக்கு ஓட்டு போட்டாய் என்று சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சிக் கூண்டில் ஏற்றினாலும் கூடாது! கோர்ட்டுக்கே இல்லாத அதிகாரம் டிப்போ அதிகாரிக்கு எங்கிருந்து வந்தது?

அதே சட்டத்தின் 135-பி பிரிவுப்படி ஓட்டுப்பதிவு அன்று சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும். "லீவு கொடுத்தேனே, யாருக்குப் போட்டே?" என்று சில முதலாளிகள் கணக்குக் கேட்கிறார்கள். லீவு அவர் போட்ட பிச்சை அல்ல.

இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? மை வைத்த விரலை நீட்டி, "போட்டாச்சு சார்" என்றால் போதும். அதற்குமேல் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்!

தேர்தலுக்குத் தேர்தல் தலைவர் படத்தை ஊரெல்லாம் ஒட்டும் சங்கங்கள் இந்த 94-வது பிரிவையும் ஒரு தாளில் அச்சடித்து டூட்டி போர்டு பக்கத்தில் ஒட்டட்டும். எல்லாச் சங்கமும் சேர்ந்தே ஒட்டலாம். இதில் எந்தக் கொடிக்கும் நஷ்டமில்லை.