பந்தியில் இடம் உண்டு, சம்பந்தத்தில்?



கல்லூரி மாணவர் ஒருவர் நம் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கையில் கேட்டார்: "அண்ணா, ஞாயித்துக்கிழமையானா நம்ம சனங்க பாதிப் பேர் பைபிளத் தூக்கிட்டு சபைக்கு ஓடறாங்க. இதுக என்னைக்குத் திருந்தும்?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். 'இதுக' என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டது. பதினோரு வருசம் அப்படி ஓடியவன் நான். அந்த மாணவருக்குச் சொல்ல வேண்டிய பதிலையே இம்முறை தலையங்கமாக எழுதுகிறேன்.

காங்கயம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா பண்ணையத்தில் இருந்தார். தோட்டத்துக்காரர் வீட்டு அஞ்சு வயசுப் பையன் "ஏ மாதாரி" என்று கூப்பிடுவான். அப்பா "வாரேனுங்க சாமி" என்று ஓடுவார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். பஞ்சம் பிழைக்கத் திருப்பூர் வந்தோம். அம்மா பனியன் கம்பெனியில் கைமடி. நான் செக்கிங்கில் ஆரம்பித்து ஓவர்லாக்குக்குப் போனேன். வாடகைக்கு வீடு கேட்டால் முதல் கேள்வியே "நீங்க என்ன ஆளுங்க?" என்பதுதான். மூன்று வீடு மாறினோம்.

நாலாவது வீட்டுக்குப் பக்கத்தில்தான் அந்தச் சபை. வாடகைக் குடோன், தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் நாள் வாசலில் நின்றவர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்து, "வாங்க பிரதர், உட்காருங்க" என்றார். அப்பா பழக்கத்தில் தரையில் உட்காரப் போனார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். அப்போது அப்பாவுக்கு ஐம்பது வயசு. வேறு சாதிக்காரர் எதிரில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மதம் ஒரு மயக்கம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற தோழர்கள் அந்த நாற்காலியைக் கணக்கில் எடுப்பதில்லை. அம்மா அங்கேதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றார். அப்பா குடியை விட்டார். சனிக்கிழமைச் சம்பளம் முழுசாக வீடு வந்து சேர்ந்தது. நான் மைக் பிடித்துப் பேசப் பழகியது அந்தத் தகரக் கூரையின் கீழ்தான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, தொழிலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய நாட்களில் எங்கள் வீட்டுக்கு அரிசி கொடுத்தது சபை. அந்த வருசமே அப்பா இறந்தார். சபையார் வேன் பிடித்து வந்து, எங்கள் வளவில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊர்க்காரர்கள் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

சேர்ந்து சாப்பிடுவது இந்த மண்ணில் சின்ன விசயமல்ல. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் தகராறு செய்தவர்களை விட்டுவிட்டு அவரையே இடமாற்றம் செய்தார்கள். போராடிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. எங்கள் சபையிலோ என் அம்மா அண்டாவில் பொங்கிய சோற்றை எல்லாச் சாதியும் தின்றது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பறட்டை' தியாபிலஸ் அப்பாவு திருவிருந்தை 'ஒரு உலை' என்று விளக்கினார். அந்த ஒரு உலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொன்னால் அது பொய்.

பிறகு ஏன் வெளியே வந்தாய் என்று கேட்கலாம்.

2012இல் என் தங்கையும் பாடகர் குழுவில் இருந்த ஒரு பையனும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். ஒளிவுமறைவு இல்லாமல் பாஸ்டரிடமே போய்ச் சொன்னார்கள். பையன் வீடு ஆதிக்கச் சாதி, பவர்டேபிள் வைத்திருந்தார்கள், அவன் அப்பா சபையில் மூப்பர். அவர்களுடைய ஆர்டருக்காக வாராவாரம் ஜெபம் நடக்கும். கூலி உயர்வுக்காக ஒருநாளும் நடந்ததில்லை. பையனின் அம்மா எங்கள் வீட்டுக்கே வந்து நயமாகச் சொன்னார்: "கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணுதானுங்க. ஆனா கல்யாணம்னா நாலு சொந்தபந்தம் பாக்கோணுமில்லீங்களா?" பாஸ்டர், "ஜெபிப்போம் பிரதர், சபைச் சமாதானம் கெடக் கூடாது" என்றார். சமாதானம் கெடாமல் இருக்க என் தங்கையைப் பாடகர் குழுவிலிருந்து நிற்கச் சொன்னார்கள். பையன் தொடர்ந்து பாடினான்.

அடுத்த ஞாயிறு நான் எழுந்து நின்று, "இது சாதி" என்றேன். "உலகப்பிரகாரமான காரியத்தைச் சபையில பேசாதீங்க" என்று உட்கார வைத்தார்கள். சாதி பார்த்தவர்களை யாரும் கண்டிக்கவில்லை. சாதி என்று வாய்விட்டுச் சொன்னவனைக் கண்டித்தார்கள். அதோடு நான் போகவில்லை.

இது ஒரு சபையின் கதை மட்டுமல்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களைப் பிரித்து நடுவே சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதற்காக 2008 மார்ச் 9 அன்று தாக்கப்பட்டார்கள்; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் ஒரு கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நகரத்துச் சபையில் இப்படிச் சுவர் கிடையாது. சுவர் கட்டுவதற்கு அங்கே கல்லறைத் தோட்டமே கிடையாது. அங்கே சாதி ஜாதகம் பார்க்காத கல்யாணப் பேச்சில் உட்கார்ந்திருக்கிறது.

இந்த மௌனத்தில் அரசுக்கும் பங்கு உண்டு. ஞானஸ்நானம் எடுத்த அன்றே எங்களுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி, "சர்ட்டிபிகேட்ல மட்டும் மாத்திராதீங்க." ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், தாலுகா ஆபீசில் ஒரு பெயர். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்திதான் இதற்குக் காரணம். இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது அது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு அண்ணலோடு பௌத்தம் தழுவிய மக்கள் 1990 வரை காத்திருந்தார்கள். கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு திறக்கவே இல்லை. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை, கிறித்தவர் என்பதால் அரசுப் பெட்டிக்கடை மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது 2007இல் மிஸ்ரா ஆணையம், நீக்கவில்லை. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள். கெடு கொடுத்து, பிறகு கெடுவை நீட்டினார்கள். இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது.

கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்கிறது சபை. கிறித்தவனானால் சாதி போய்விட்டது என்கிறது சட்டம். இருவரும் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான் உண்மையைச் சொல்கிறார்கள்.

மூன்றாம் பத்தி ஒழிய வேண்டும். அதற்காக மதம் பார்க்காமல் நாம் நிற்க வேண்டும். சபைகள் பிரசங்க மேடையிலேயே சாதியைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும். சாதி குறித்து வரன் தேடும் விளம்பரங்களைத் தங்கள் பத்திரிகைகளிலிருந்து தூக்கி எறிய வேண்டும்.

இதையெல்லாம் அடுத்தவரிடம் கேட்குமுன் நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வருகிற பெண்ணுக்கு நம் கூட்டத்தில் நாற்காலி போடுவது யார்? அவள் புருசன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் ராத்திரி கூட இருப்பது யார்? தலித் ஒற்றுமை என்று மேடையில் முழங்குகிறோமே, பள்ளர், பறையர், அருந்ததியர் என்று நமக்குள் எத்தனை சம்பந்தம் நடந்திருக்கிறது? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மூப்பர் வீட்டு அம்மா பேசிய பேச்சை நம் தோழர்கள் வீட்டுத் திண்ணையிலும் நான் கேட்டிருக்கிறேன்.

என் தங்கை இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை. நம் கூட்டத்துக்கும் வருவதில்லை. அம்மா இன்றும் அதே சபைக்குப் போகிறார். வண்டியில் கொண்டுபோய் நான்தான் வாசலில் இறக்கிவிடுகிறேன். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று அப்பாவுக்கு இழுத்துப் போட்ட அந்த நாற்காலிக்கு ஈடாக ஒன்றை நாம் இன்னும் கொடுக்கவில்லை, தோழர்களே. கொடுத்த பிறகு 'இதுக' என்று பேசலாம். அப்போது அந்தச் சொல்லே நமக்குத் தேவைப்படாது.